கடலோடு சேர்ந்து உயரும் நிலம்

எல்லோருக்கும் வணக்கம். கடல் மட்டம் உயர்கிறது என்று சொன்னவுடன் நம் எல்லோர் மனதிலும் ஒரே படம்தான் வருகிறது. நிலம் அப்படியே கிடக்கிறது, தண்ணீர் ஏறி வந்து அதை மூடுகிறது. தெருவுக்கும் தார்ச்சாலைக்கும் அந்தப் படம் சரிதான். உவர் சதுப்பு நிலத்துக்குப் பொருந்தாது, ஏனென்றால் தண்ணீர் ஏற ஏற அந்த நிலமும் ஏறுகிறது. நான் இன்று பேசப்போவது முழுக்க இந்த ஒரு விஷயத்தைப் பற்றித்தான்: அது எப்படி ஏறுகிறது, எப்போது ஏற முடியாமல் போகிறது, அதில் நம் கை எவ்வளவு இருக்கிறது.

உவர் சதுப்பு என்றால் என்ன? அலை பெரிதாக அடிக்காத கழிமுகங்களிலும் கழிகளிலும், ஓதம் (கடல் நீர் தினமும் ஏறி இறங்குவது) ஏறும்போது மூழ்கி, இறங்கும்போது வெளியே வருகிற சேற்றுப் பரப்பு. அதில் புல்லும், உமரி மாதிரி சதைப்பற்றுள்ள செடிகளும் நிற்கும். வெப்பமான கரைகளில் இதே இடத்தைப் பெரும்பாலும் அலையாத்திக் காடு பிடித்துக்கொள்ளும். குளிர்ந்த கரைகளில் புல்தான் ராஜா. உலகம் முழுக்கச் சேர்த்து இதுவரை வரைபடத்தில் வந்திருப்பது 50,000 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். அவ்வளவுதான். 2000க்கும் 2019க்கும் நடுவில் மட்டும், புதிதாக உருவானதைக் கழித்த பிறகும், சுமார் 1,450 சதுர கிலோமீட்டரை இழந்திருக்கிறோம் என்று செயற்கைக்கோள் படங்கள் காட்டுகின்றன.

சரி, எப்படி ஏறுகிறது? ஒவ்வொரு ஓதமும் கலங்கல் நீரைக் கொண்டுவருகிறது. தண்டுகளுக்கு நடுவே புகுந்ததும் நீரின் வேகம் குறைந்து, மிதந்து வந்த வண்டல் கீழே படிகிறது. இது மேலே நடப்பது. சேற்றுக்குள்ளே ஆக்சிஜன் கிடையாது (அந்த அழுகிய முட்டை வாசனை அதனால்தான், புல்லும் தன் உடம்புக்குள் இருக்கும் காற்றறைகள் வழியாகத்தான் வேருக்கு மூச்சு அனுப்புகிறது), அதனால் செத்த வேர்கள் முழுசாக மக்காமல் அடுக்கடுக்காகத் தங்கிப்போகின்றன. மேலே வண்டல், கீழே வேர். இரண்டும் சேர்ந்து வருடத்துக்குச் சில மில்லிமீட்டர் நிலத்தைத் தூக்குகின்றன. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் பார்ன்ஸ்டபிள் சதுப்பைத் துளைபோட்டு ஆராய்ந்த ஆல்பிரட் ரெட்ஃபீல்டு, அது சுமார் 4,000 வருடங்களாகக் கடல் உயர உயர இப்படியே தன்னைக் கட்டிக்கொண்டு வந்திருப்பதை 1972இல் விரிவாக எழுதினார்.

ஆனால் இந்த ஏற்றத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது. தென் கரோலினாவில் ஜேம்ஸ் மாரிஸும் அவருடன் இருந்தவர்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வைப் படித்த பிறகு என்னால் எந்தச் சதுப்பையும் பழைய கண்ணோடு பார்க்க முடியவில்லை. ஸ்பார்ட்டினா என்ற புல் செழித்து வளர்வதற்கு ஏற்ற ஓர் ஆழம் உண்டு. நிலம் அதைவிட மேடாக இருந்தால், கடல் கொஞ்சம் உயர்வது புல்லுக்கு நல்லதுதான். அடர்த்தியாக வளரும், அதிக வண்டலைப் பிடிக்கும், நிலமும் உயர்ந்து ஈடுகொடுக்கும். அந்த ஆழத்தைத் தாண்டிக் கீழே போய்விட்டால் எல்லாம் தலைகீழ்: மூழ்கும் நேரம் கூடும், புல் நலியும், வண்டல் பிடிப்பது குறையும், நிலம் இன்னும் தாழும். ஆகவே ஒரு சதுப்பு பச்சையாக இருக்கிறது என்பதால் அது நலமாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, அது அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைத்தான் கேட்க வேண்டும்.

அந்தக் கோட்டைத் தாண்டவைப்பது கடல் மட்டும் இல்லை. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றின் முகத்துவாரத்தைப் பாருங்கள். வெள்ளத்தைத் தடுக்க ஆற்றின் இரு கரையிலும் உயர்த்திய கரைகள், வண்டல் சதுப்புக்குப் போகும் வழியையும் அடைத்துவிட்டன. எண்ணெய்க்காக வெட்டிய கால்வாய்கள் வழியே உப்பு நீர் உள்ளே வந்தது. நிலம் வேறு தானாகவே அமுங்கிக்கொண்டிருக்கிறது. 1932இலிருந்து லூசியானா இழந்த கரையோர நிலம் சுமார் 4,800 சதுர கிலோமீட்டர்.

இன்னொன்று, நாம் யோசித்தே பார்க்காத காரணம்: உரம். வயலிலிருந்தும் சாக்கடையிலிருந்தும் வருகிற நைட்ரஜன் புல்லுக்கு விருந்துதானே என்று தோன்றும். லிண்டா டீகன் குழுவினர் மாசசூசெட்ஸின் பிளம் தீவுப் பகுதியில் ஓடை நீரிலேயே சத்தைக் கலந்து 9 வருடம் பார்த்தார்கள். மேலே புல் தளதளவென்று வந்தது. கீழே? சத்து தேடி அலைய வேண்டிய அவசியம் இல்லாததால் வேர் குறைந்தது, சேற்றில் தங்கியிருக்க வேண்டியதெல்லாம் வேகமாக மக்கியது, கடைசியில் ஓடைக்கரைகள் வெடித்து, பாளம் பாளமாகச் சரிந்து தண்ணீருக்குள் விழுந்தன. 2012இல் வந்த ஆய்வு அது. 2 வருடத்தில் நிறுத்தியிருந்தால் இந்தச் சரிவு கண்ணில் பட்டிருக்காது. நீண்ட கால ஆய்வுக்குப் பணம் எதற்கு என்று கேட்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

அப்புறம் நத்தை. இதைச் சொல்லாமல் நான் இறங்க மாட்டேன். ரொம்ப காலம், சதுப்பை ஆள்வது மண்ணும் சத்தும் உப்பும்தான், புல்லை உயிரோடு தின்னும் பிராணிகள் ஒரு பொருட்டே இல்லை என்றுதான் பாடம் நடந்தது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், சப்பெலோ தீவில் பிரையன் சில்லிமனும் மார்க் பெர்ட்னஸும் கூண்டு அமைத்து, நண்டும் மற்ற வேட்டைப் பிராணிகளும் உள்ளே வராதபடி செய்துவிட்டு, பெரிவிங்கிள் நத்தைகளை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். நத்தைகள் அதிகம் இருந்த கூண்டுகளில், செழிப்பான புல்வெளி 8 மாதத்தில் வெறும் சேறாகிவிட்டது. விரல்நுனி அளவு நத்தைகள்! அவை புல்லையேகூட அதிகம் தின்பதில்லை. இலையைச் சுரண்டிக் காயம் செய்யும், அந்தக் காயத்தில் பூஞ்சை வளரும், அந்தப் பூஞ்சையைத் தின்னும், தன் எச்சத்தையே அதற்கு எருவாகப் போடும். ஒரு விவசாயம்போல. இந்த நத்தைகளைக் கட்டுக்குள் வைப்பது நீல நண்டு. நண்டை அளவுக்கு மீறிப் பிடித்தால், அதன் விலை கரையில் உள்ள புல்லில் தெரியும். 2000ஆம் ஆண்டையொட்டி அந்தக் கரையில் கடும் வறட்சி வந்து புல் நலிந்தபோது, அங்கங்கே நத்தைக் கூட்டம் வரிசை கட்டி மிச்சத்தையும் அழித்தது. அந்தக் கரையிலேயே பின்னால் வந்த இன்னொரு கடும் வறட்சியில், சிப்பிகள் கும்பலாகப் பதிந்த மேடுகளில்தான் புல் அதிகம் பிழைத்தது. சிப்பிகள் ஈரத்தைப் பிடித்து வைத்திருந்தன. மழை வந்ததும் அந்தத் திட்டுகளிலிருந்துதான் புல் திரும்பப் பரவியது. தாங்கும் சக்தி என்று நாம் சொல்வது எங்கேயோ புல்லுக்குள் மட்டும் இருப்பதாக நினைக்காதீர்கள், பாதி அந்தச் சிப்பியிடமும் நண்டிடமும் இருக்கிறது.

இவ்வளவு மெலிதான புல் புயல் அலையை என்ன செய்துவிடும் என்று கேட்பார்கள். ஜெர்மனியின் வாடன் கடற்கரையிலிருந்து சதுப்பையே பாளங்களாக வெட்டி எடுத்து, ஹனோவரில் 300 மீட்டர் நீளமுள்ள அலைத்தொட்டிக்குள் 40 மீட்டருக்கு அப்படியே பதித்து, புயல் அளவு அலைகளை விட்டுப் பார்த்தார்கள் ஐரிஸ் மோலர் குழுவினர். அலை தணிந்ததில் 60 சதவீதம் வரை புல்லால் வந்தது. தண்டுகள் மடிந்தன, ஒடிந்தன, ஆனாலும் அடியிலிருந்த மண் அரிக்கப்படவில்லை.

இப்போது கடலோரத்தில் நாம் கட்டும் சுவர்களுக்கு வருகிறேன். கடல் உயரும்போது சதுப்பு செய்யும் இன்னொரு வேலை, உள்பக்கமாக நகர்வது. மேட்டில் புதிய விளிம்பு முளைக்கும். ஆனால் பின்னால் ஒரு சுவரோ சாலையோ நின்றால் எங்கே நகரும்? முன்னால் கடல், பின்னால் கான்கிரீட், நடுவில் வருடா வருடம் குறுகும் ஒரு பச்சைக் கீற்று. வண்டல் இருந்தும் நண்டு இருந்தும் இடம் இல்லாததால் சாகிற சதுப்புகள் இவை, எனக்கு மிகவும் வலிப்பதும் இவைதான்.

இங்கிலாந்தின் தெற்குக் கரையில் மெட்மெரி என்ற இடத்தில் வேறு மாதிரி செய்தார்கள். கடலோரத்தில் இருந்த கூழாங்கல் அணையை ஒவ்வொரு குளிர்காலமும் சரிசெய்து சலித்து, 2 கிலோமீட்டர் வரை உள்ளே தள்ளிப் போய் 7 கிலோமீட்டருக்குப் புதுக் கரை கட்டினார்கள். செலவு 2.8 கோடி பவுண்டு. 2013 செப்டம்பரில் பழைய அணையை வேண்டுமென்றே உடைத்தார்கள். ஓதம் உள்ளே வந்தது, சேறு படிந்தது, உவர்நிலச் செடிகள் தாமாகவே வந்து முளைத்தன.

அதற்காக, ஒரு பழைய சதுப்பை அழித்துவிட்டு வேறிடத்தில் புதிதாக உருவாக்கித் தருகிறோம் என்ற பேச்சை ஒப்புக்கொள்ளாதீர்கள். பல தலைமுறை உழுது இறுகிப்போன மண்ணில் நீர் எளிதில் வடியாது, சின்னச் சின்ன ஓடைகள் பிறப்பதற்கே காலம் பிடிக்கும், பல வருடங்கள் கழித்தும் செடிகளின் கலவை பழைய சதுப்பைப்போல வருவதில்லை. கரையோரத் திட்டம் ஏதாவது பொதுமக்கள் கருத்துக்கு வந்தால், வரைபடத்தில் சதுப்பை மட்டும் தேடாதீர்கள். அதற்குப் பின்னால், மேட்டுப் பக்கமாக இருக்கிற அந்த வெற்று நிலத்துக்கு என்ன நிறம் பூசியிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள், அது கட்டடத்தின் நிறமாக இருந்தால் எழுந்து கேளுங்கள்.