பிலிப்பைன்ஸில் ஸ்பானியம்: மறுக்கப்பட்ட காலமும் கட்டாயமான காலமும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

ஸ்பெயின் ஆண்ட மெக்சிகோவிலும் பெருவிலும் அர்ஜென்டினாவிலும் ஸ்பானிய மொழி மக்கள் மொழியாகவே நிலைத்துவிட்டது. ஆனால் அதே பேரரசு 1565 முதல் 1898 வரை, அதாவது 333 ஆண்டுகள், ஆண்ட பிலிப்பைன்ஸில் இன்று அதைத் தாய்மொழியாகப் பேசுவோர் மிகச் சிலரே. நாட்டின் பெயர் இரண்டாம் பிலிப் மன்னரின் பெயரிலிருந்து வந்தது. மக்களில் பலருடைய குடும்பப்பெயர்கள், 1849-இல் ஆளுநர் நார்சிஸோ கிளவேரியாவின் ஆணைப்படி ஒரு பெயர்ப் பட்டியலிலிருந்து ஊர் ஊராகப் பிரித்துக் கொடுக்கப்பட்டவை. மணிலா வட்டாரத்தின் தகலோக் மொழியின் கிழமைப் பெயர்களும் மாதப் பெயர்களும், மணி சொல்லப் பயன்படும் எண்களும் ஸ்பானியத்திலிருந்து வந்தவை. நம் வீட்டு மேசை போர்த்துக்கீசியரிடமிருந்து பெயர் பெற்றதைப் போலவே, அவர்கள் வீட்டு மேசையும் ஸ்பானியரிடமிருந்து பெயர் பெற்றது. இவ்வளவும் தங்கிய நாட்டில் மொழி மட்டும் ஏன் தங்கவில்லை என்று கேட்டால், அமெரிக்கர்கள் வந்து அழித்துவிட்டார்கள் என்ற பதில்தான் முதலில் வருகிறது. அது பாதி உண்மை. மறு பாதி ஸ்பெயினின் ஆட்சிக்குள்ளேயே இருக்கிறது. அதையும், பின்னாளில் அந்த மொழி வகுப்பறையில் பட்ட பாட்டையும் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

பிலிப்பைன்ஸ் நெடுங்காலம் ஸ்பெயினிலிருந்து நேரடியாக ஆளப்படவில்லை. 1821 வரை அது மெக்சிகோவின் வழியாகவே நிர்வகிக்கப்பட்டது. பசிபிக் கடலைக் கடந்து மணிலாவுக்கும் மெக்சிகோவின் அகபுல்கோ துறைமுகத்துக்கும் இடையே சென்றுவந்த கப்பல்களே அதன் உயிர்நாடி. மணிலாவின் மதிலுக்கு வெளியே குடியேறிய ஸ்பானியர்கள் மிகக் குறைவு. பல ஊர்களில் மக்கள் கண்ட ஒரே ஸ்பானியர் ஊரின் கத்தோலிக்கக் கோயிலையும் அதன் சபையான பங்கையும் கவனித்த துறவியாகத்தான் இருந்தார். அந்தத் துறவி தம் மொழியை மக்களுக்குக் கற்பிப்பதற்கு மாறாக, மக்களின் மொழியைத் தாம் கற்றார். 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழில் அச்சானது. அதற்குப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1593-இல், மணிலாவில் கிறித்தவ மறையின் அடிப்படைகளைச் சொல்லும் நூல் ஸ்பானியத்திலும் தகலோக்கிலும் அச்சானது. இரண்டின் பின்னணியிலும் இருந்தது ஒரே கொள்கை: மறையை மக்களின் மொழியில் சொல்ல வேண்டும் என்பது. அந்தக் கொள்கையால் தகலோக், இலோகானோ, செபுவானோ ஆகிய மொழிகளுக்கு இலக்கண நூல்களும் அகராதிகளும் கிடைத்தன என்பதை மறுக்க முடியாது. ஆனால் அதற்கு வேறொரு பயனும் இருந்தது. ஊராருக்கும் அரசுக்கும் நடுவே நின்று பேசக்கூடிய ஒரே ஆளாகத் துறவி இருக்கும்வரை, அவர் கையை மீறி எந்த மனுவும் மணிலாவுக்குப் போகாது. ஸ்பானியத்தைக் கற்பிக்கச் சொல்லி அரசவையிலிருந்து ஆணைகள் மீண்டும் மீண்டும் வந்தும் ஊர்களில் அவை பலன் தராமல் போனதற்கு இது முக்கியமான காரணம் என்பது என் கருத்து.

இதற்கிடையே, அந்த மொழியைத் தாமே கற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஆவல் மக்களிடம் தொடக்கத்திலிருந்தே இருந்தது. தோமாஸ் பின்பின் என்ற தகலோக் அச்சாளர் 1610-இலேயே, தம் மக்கள் ஸ்பானியம் கற்பதற்கென்று தகலோக்கில் ஒரு நூல் எழுதி வெளியிட்டார்.

ஆரம்பப் பள்ளிகளை ஊர்தோறும் திறந்து ஸ்பானியத்தில் கற்பிக்க வேண்டும் என்ற அரசாணை 1863-இல்தான் வந்தது. ஆசிரியர் பயிற்சிப் பள்ளியும் தொடங்கப்பட்டது. ஆனால் ஊர்ப் பள்ளியை மேற்பார்வையிடும் அதிகாரம் பங்குத் துறவியிடமே விடப்பட்டதால், ஆணை ஒரு திசையிலும் நடப்பு வேறொரு திசையிலும் சென்றன. அந்த இழுபறியை மிகத் தெளிவாகக் காட்டுவது மலோலோஸ் நகரத்துப் பெண்களின் கதை. 1888 டிசம்பரில் தலைமை ஆளுநர் வெய்லர் அந்நகருக்கு வந்தபோது, இருபது இளம்பெண்கள் அவரிடம் ஒரு மனு அளித்தார்கள். இரவுப் பள்ளி ஒன்று திறந்து தாங்கள் ஸ்பானியம் கற்க அனுமதி வேண்டும் என்பதே அவர்கள் கேட்டது. ஊர்ப் பங்குத் துறவி அதை எதிர்த்தார். பெண்கள் விட்டுவிடவில்லை, தங்கள் செலவில் நடத்திக்கொள்வது போன்ற நிபந்தனைகளை ஏற்று அனுமதி பெற்றார்கள். பள்ளி சில மாதங்களே நடந்தது. இதைக் கேள்வியுற்ற பிலிப்பைன்ஸ் எழுத்தாளரும் சீர்திருத்தவாதியுமான ஹொசே ரிசால் 1889 பிப்ரவரியில் லண்டனிலிருந்து அவர்களைப் பாராட்டி ஒரு நீண்ட கடிதம் எழுதினார். ஸ்பானியத்தில் நாவல் எழுதிய அந்த மனிதர், ஸ்பானியம் கற்கப் போராடிய பெண்களுக்கு எழுதியது தகலோக்கில்.

ரிசாலின் இரண்டாம் நாவலான 'எல் பிலிபுஸ்தெரிஸ்மோ' 1891-இல் வெளிவந்தது. அதில் வரும் மாணவர்களும் ஸ்பானியம் கற்பிக்க ஒரு கல்விக்கழகம் வேண்டும் என்று மனுச் செய்கிறார்கள். மனு ஏற்கப்படுகிறது, ஆனால் கழகம் துறவியர் கைக்குப் போய்விடுகிறது. மாணவர்களுக்கு மிஞ்சுவது சந்தா வசூலிக்கும் வேலை. அதே நாவலில் சிமோன் என்ற பாத்திரம் அந்தக் கோரிக்கையையே கடிந்துகொள்கிறது: உங்களுக்கென்று மொழிகள் இருக்க, அடக்கியாள்பவன் மொழியை ஏன் இரந்து கேட்கிறீர்கள் என்பது அதன் வாதத்தின் சாரம். சம உரிமையின் கருவியாக அந்த மொழியைக் கேட்ட குரலையும், அடிமைத்தனத்தின் அடையாளமாக அதை மறுத்த குரலையும் ரிசால் ஒரே நூலில் மோதவிட்டார். பிலிப்பைன்ஸில் இன்றுவரை நடக்கும் விவாதம் இந்த இரு குரல்களைத் தாண்டி வெகுதூரம் சென்றுவிடவில்லை.

நாடு பிறந்தபோதும் இரு மொழிகளும் உடனிருந்தன. சீர்திருத்தம் வேண்டியோர் ஸ்பெயினில் நடத்திய 'லா சொலிதாரிதாத்' இதழ் ஸ்பானியத்தில் வந்தது. ஆயுதம் ஏந்திய கதிபுனான் இயக்கத்தின் 'கலாயான்' இதழோ தகலோக்கில் வந்தது. 1898 ஜூன் 12 அன்று காவித்தில் வாசிக்கப்பட்ட விடுதலைப் பிரகடனம் ஸ்பானியத்தில் எழுதப்பட்டது. 1899-இன் மலோலோஸ் அரசியலமைப்பும் அதே மொழியில்தான் இயற்றப்பட்டது. நாட்டில் பேசப்படும் எந்த மொழியையும் விரும்பினால் பயன்படுத்தலாம் என்று சொல்லிவிட்டு, அரசு அலுவலுக்கும் நீதிமன்றத்துக்கும் அப்போதைக்கு ஸ்பானியம் என்று அது விதித்தது. தேசிய கீதத்தின் இசைக்கு முதன்முதலில் அமைந்த வரிகளும், அதே ஆண்டில் ஹொசே பால்மா இயற்றிய ஸ்பானியக் கவிதையே. ஸ்பெயினை வெளியேற்றியவர்கள் வெளியேற்றும் செயலை ஸ்பெயினின் மொழியில் பதிவுசெய்தார்கள் என்றால், அதற்குக் காரணம் பழைய எசமானர் மீதிருந்த பற்று அல்ல. பல தாய்மொழிகள் கொண்ட தீவுக் கூட்டத்தில் படித்தோர் அனைவருக்கும் பொதுவாக இருந்த எழுத்துமொழி அதுவாக இருந்தது.

ஸ்பெயினுக்குப் பிறகு நாட்டைக் கைப்பற்றிய அமெரிக்கர்கள் 1901-இல் சட்டம் இயற்றி ஆங்கிலத்தைப் பயிற்றுமொழி ஆக்கினார்கள். அவ்வாண்டு ஆகஸ்டில் 'தாமஸ்' என்ற கப்பலில் ஏறத்தாழ 500 ஆசிரியர்கள் மணிலாவில் வந்திறங்கினார்கள். ஸ்பெயின் தயங்கித் தயங்கிச் செய்ததை அமெரிக்கா பெருமளவில் செய்தது: பள்ளியைத் திறந்து, எல்லோருக்கும் ஒரு மொழியைக் கொடுத்தது. வியப்பு என்னவென்றால், ஸ்பானிய இலக்கியம் அங்கே செழித்ததும் இந்த அமெரிக்கக் காலத்தில்தான். பெர்னாண்டோ மரியா கெர்ரேரோ, செசிலியோ அப்போஸ்தோல், ஹெசுஸ் பல்மோரி, மனுவேல் பெர்னபே போன்ற கவிஞர்கள் எழுதினார்கள். 1920-இல் ஸ்பானிய இலக்கியத்துக்கான சோபல் பரிசும், 1924-இல் பிலிப்பைன்ஸ் ஸ்பானிய மொழிக் கழகமும் தோன்றின. புதிய ஆதிக்கத்தை எதிர்க்கப் பழைய ஆதிக்கத்தின் மொழி புகலிடமாயிற்று. ஆனால் வாசகர் எண்ணிக்கை வளரவில்லை. 1939 மக்கள்தொகைக் கணக்கின்படி, ஆங்கிலம் பேசத் தெரிந்தோர் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர். ஸ்பானியம் பேசத் தெரிந்தோர் 3 விழுக்காட்டுக்கும் குறைவு. இரண்டாம் உலகப் போரின்போது 1945-இல் மணிலாவுக்காக நடந்த சண்டை, ஸ்பானியக் குடும்பங்கள் செறிந்து வாழ்ந்த இந்த்ராமுரோஸ், எர்மித்தா பகுதிகளைத் தரைமட்டமாக்கியது.

இதன் பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. பேசுவோர் குறைந்துவிட்ட மொழியைச் சட்டத்தால் காப்பாற்ற முனைந்தார்கள். 1952-இன் மகலோனா சட்டம் கல்லூரிகளில் ஸ்பானியத்தை இரண்டு ஆண்டுகளுக்குக் கட்டாயப் பாடமாக்கியது. 1957-இன் குவென்கோ சட்டம் சட்டவியல், வணிகம், கல்வியியல் போன்ற துறைகளில் அதை 24 பாட அலகுகளாக உயர்த்தியது. ஒரு பருவத்துக்கு மூன்று அலகு என்று கொண்டால், நான்காண்டுப் படிப்பின் எட்டுப் பருவங்களிலும் அது மாணவரைத் தொடரும். வீட்டிலும் தெருவிலும் கேட்காத மொழியின் வினைத்திரிபுகளை மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவது ஒரு தலைமுறையின் பொது அனுபவமாயிற்று. முன்பு பெண்கள் மனுச் செய்தும் எளிதில் கிடைக்காத மொழி, இப்போது வேண்டாம் என்றாலும் விடாத மொழியாயிற்று. 1960-களின் இறுதியில் அலகுகள் பாதியாகக் குறைக்கப்பட்டன. 1973-இன் அரசியலமைப்பு ஸ்பானியத்தின் அலுவல்மொழித் தகுதியை நீக்க, ஆவணங்களை முன்னிட்டு அதே ஆண்டில் குடியரசுத் தலைவர் மார்க்கோஸ் ஆணை ஒன்றால் அதற்கு வரம்புக்குட்பட்ட இடம் கொடுத்தார். 1987-இன் அரசியலமைப்பில் அதுவும் போயிற்று. ஸ்பானியமும் அரபும் விருப்ப அடிப்படையில் ஊக்குவிக்கப்படும் என்ற ஒரு வரி மட்டுமே மிஞ்சியது.

இந்த இடத்தில் ரிசால் சட்டத்தையும் சொல்ல வேண்டும். செனட் உறுப்பினர் கிளாரோ ரெக்தோ, தாமே ஸ்பானியத்தில் எழுதியவர், கத்தோலிக்க ஆயர்களின் கடும் எதிர்ப்புக்கிடையே 1956-இல் அதைக் கொண்டுவந்தார். அதன்படி ஒவ்வொரு மாணவரும் ரிசாலின் இரு நாவல்களையும் படிக்க வேண்டும். மூலமும் ஏற்கத்தக்கது, மொழிபெயர்ப்பும் ஏற்கத்தக்கது. இயல்பாகவே அனைவரும் மொழிபெயர்ப்பில்தான் படிக்கிறார்கள், அதில் தவறேதும் இல்லை. ரிசாலின் காலத்திலேயே அவருடைய நாட்டு மக்களில் பெரும்பாலோருக்கு மூலத்தைப் படிக்கத் தெரியாது.

ஆகவே ஒரு நாடே ஸ்பானியம் பேசியது, பிறகு அதை இழந்தது என்ற ஏக்கக் கதையை நான் ஏற்பதில்லை. இழப்பு வேறிடத்தில் இருக்கிறது. தேசிய ஆவணக் காப்பகத்தில் ஸ்பானிய ஆட்சிக்கால ஆவணங்கள் ஒரு கோடிக்கு மேல் உள்ளன: நில வழக்குகள், திருமணப் பதிவுகள், கிளர்ச்சி விசாரணைகள். இவற்றை வாசிக்கத் தெரிந்த பிலிப்பைன்ஸ் ஆய்வாளர்கள் சிலரே. 1932-இல் நடைமுறைக்கு வந்து, பல திருத்தங்களோடு இன்றும் செல்லுபடியாகும் குற்றவியல் சட்டத் தொகுப்பு ஸ்பானியத்தில் இயற்றப்பட்டது. ஆங்கில வடிவத்தோடு முரண்பாடு எழுந்தால் ஸ்பானிய வாசகமே செல்லும் என்பது நீதிமன்ற நிலைப்பாடு. வரலாற்று மாணவருக்கும் சட்ட மாணவருக்கும் ஆசிரியப் பயிற்சி பெறுவோருக்கும் பேச்சுத்திறன் இல்லாவிட்டாலும் வாசிக்கும் திறன் வேண்டும் என்று சொல்வதற்கு இவையே போதும். பொறியியல் மாணவரை அதற்காக வருத்த வேண்டியதில்லை.

2009 முதல் சில அரசு உயர்நிலைப் பள்ளிகளில் அயல்மொழிச் சிறப்புத் திட்டத்தின் கீழ் ஸ்பானியம் விருப்பப் பாடமாக இருக்கிறது. ஜப்பானியத்தையும் பிரெஞ்சையும் போல அதுவும் ஓர் அயல்மொழி என்பதே அந்தத் திட்டத்தின் பார்வை. ஸ்பானியம் தெரிந்தால் வாடிக்கையாளர் அழைப்பு மையங்களில் கூடுதல் சம்பளம் கிடைக்கும் என்பது மாணவரை ஈர்க்கிறது. வேலைக்காகக் கற்பதை நான் குறைவாக நினைக்கவில்லை. பழைய கட்டாயப் பாடத்தைவிட அது நேர்மையான காரணம்.

ஆயினும் அயல்மொழி என்ற பெயர் முழுமையாகப் பொருந்தாத ஓர் இடம் அந்நாட்டிலேயே இருக்கிறது. மிந்தனாவோ தீவின் சம்போவாங்கா நகரத்தில், 1635-இல் எழுந்த கோட்டையைச் சுற்றிப் பல தீவுகளிலிருந்து வந்த படைவீரரும் தொழிலாளரும் தமக்குள் பேசிப் பேசி உருவாக்கிய சவகானோ இன்றும் இலட்சக்கணக்கானோரின் மொழி. அதன் சொற்களில் பெரும்பகுதி ஸ்பானியம். வாக்கிய அமைப்பில் பிலிப்பைன்ஸ் மொழிகளின் சாயல் உண்டு. மணிலா மாளிகைகளின் ஸ்பானியம் மறைந்துவிட, படித்தோர் நெடுங்காலம் சிதைந்த மொழியென்று ஒதுக்கிய இது நிலைத்துவிட்டது. தாய்மொழிவழிக் கல்வித் திட்டம் 2012-இல் தொடங்கியபோது முதலில் சேர்க்கப்பட்ட பன்னிரண்டு மொழிகளில் சவகானோவும் ஒன்று. 2024-இல் வந்த சட்டம், தொடக்க வகுப்புகளில் தாய்மொழி கட்டாயப் பயிற்றுமொழியாக இருந்த ஏற்பாட்டை நீக்கிவிட்டது. ஸ்பானியத்தை மீட்க வேண்டும் என்று மணிலாவில் பேசுவோர், ஐரோப்பிய உச்சரிப்புப் பயிற்சிக்குச் செலவிடும் அக்கறையில் ஒரு பகுதியைச் சம்போவாங்காவின் முதல் வகுப்புப் பாடநூலுக்குச் செலவிட்டால், அந்த மொழியின் பேரில் அவர்கள் செய்யும் வேலைகளில் உருப்படியானது அதுவாகவே இருக்கும்.

நன்றி, வணக்கம்.