எச்சிலைப் பாத்து கணக்கு வருமானு சொல்ல முடியுமா?

வணக்கம் மக்களே. ஒரு விளம்பரம் என் போன்ல ஓயாம வந்துட்டே இருக்கு. "உங்க குழந்தையோட எச்சிலை அனுப்புங்க, கணக்கு வருமா, படிப்பு ஏறுமான்னு ஜீனைப் பாத்துச் சொல்றோம்". கம்பெனி பேரு வேண்டாம், விடுங்க. காசு கட்டறதுக்கு முன்னாடி ஒரு நாய்க்கதை கேளுங்க.

நாய் பேரு லான்சலாட். பிரான்ஸ்ல பிரியார்ட்னு ஆடு மேய்க்கிற நாய் ஜாதி ஒண்ணு இருக்கு, கண்ணை மறைக்கற அளவுக்கு முடி. அந்த வம்சத்துல சில குட்டிங்களுக்குப் பிறவியிலேயே பார்வை ரொம்ப மோசம், லான்சலாட்டும் அதுல ஒண்ணு. காரணம் ஒரே ஒரு ஜீன். பேரு ஆர்பிஇ65. டிஎன்ஏங்கற உடம்போட செய்முறைப் புத்தகத்துல அந்த இடத்துல நாலே நாலு எழுத்து விட்டுப்போச்சு. அவ்வளவுதான்.

இங்கதான் ஒரு சுவாரஸ்யம். அந்த ஜீன் நாயோட கால் நகத்துக்கிட்ட இருக்கற செல்லுலயும் இருக்கு, ஈரல்லயும் இருக்கு. ஆனா வேலை செய்யறது பெரும்பாலும் விழித்திரைக்குப் பின்னாடி ஒட்டியிருக்கற ஒரு மெல்லிசான கருப்பு அடுக்குல. எல்லா செல்லுக்கும் ஒரே புத்தகம்தான், எந்தப் பக்கத்தைத் திறக்கறோம்ங்கறதுல இருக்கு விஷயம். அதைத்தான் ஜீன் வெளிப்பாடுங்கறாங்க.

சரி, அந்த அடுக்குக்கு என்ன வேலை? வெளிச்சம் பட்டதும் கண்ணுல வைட்டமின் ஏல இருந்து வர்ற ஒரு மூலக்கூறு வளைஞ்ச நிலையில இருந்து நிமிர்ந்துடும். மறுபடி வளைச்சுக் குடுத்தாதான் அடுத்த தடவை வெளிச்சம் தெரியும். டீக்கடையில டம்ளர் கழுவற ஆள் லீவு போட்ட மாதிரி வெச்சுக்கோங்க. மாஸ்டர் இருக்காரு, பால் கொதிக்குது, ஊத்த டம்ளர் இல்ல. இந்த நாய்ங்களுக்கும் அதேதான், வெளிச்சத்தைப் பிடிக்கற செல் எல்லாம் ஆரம்பத்துல உயிரோடதான் இருக்கு, ஆனா பார்வை இல்ல.

அமெரிக்காவுல பென்சில்வேனியா, கார்னெல், புளோரிடா பல்கலைக்கழக ஆளுங்க என்ன பண்ணாங்க, நல்ல ஜீனை நோய் உண்டாக்காத ஒரு வைரஸுக்குள்ள வெச்சு, விழித்திரைக்கு அடியில ஊசியால இறக்கினாங்க. 2001ல முடிவு வந்துது. அறையில மேஜை நாற்காலியை இறைச்சுப் போட்டு நாயை விட்டா, ஊசி போட்ட கண்ணு பக்கம் ஒதுங்கிப் போகுது, போடாத பக்கம் போய் இடிக்குது. லான்சலாட்டை அமெரிக்க நாடாளுமன்றத்துக்கே கூட்டிட்டுப் போனாங்கன்னா பாருங்க. அதே ஜீன் கெட்டுப்போய்ப் பார்வை குறையற குழந்தைங்களுக்கு லக்ஸ்டர்னாங்கற பேர்ல இதே மாதிரி ஊசி மருந்துக்கு 2017 டிசம்பர்ல அங்க அனுமதி கிடைச்சுது. ரெண்டு கண்ணுக்கும் சேர்த்து 8,50,000 டாலர். அன்னிக்கு நம்ம காசுக்கு அஞ்சு கோடிக்கு மேல! விலையைப் பத்திப் பேசினா எனக்குக் கோவம் வரும், அது தனி வீடியோ.

இப்ப விளம்பரத்துக்கு வருவோம். இந்த மாதிரிக் கதையைக் கேட்டுட்டுதான் "கணக்கு ஜீன்"னு ஒண்ணு எங்கயோ இருக்குன்னு நம்பிடறோம். அப்படி ஒண்ணு கிடையாது. 2014ல பிரிட்டன்ல 12 வயசு இரட்டைக் குழந்தைங்களை வெச்சு ஒரு ஆராய்ச்சி வந்துது. வாசிப்பைப் பாதிக்கற ஜீன்கள்ல ஏறக்குறைய பாதி கணக்கையும் பாதிக்குதுன்னாங்க. ஒவ்வொண்ணோட பங்கும் கடுகளவு. அந்தக் குழுவுல இருந்த ராபர்ட் ப்ளோமின், கஷ்டப்படற குழந்தைக்கு நாம செய்ய ஒண்ணுமில்லைனு இதை எடுத்துக்காதீங்கன்னு அப்பவே சொல்லிட்டாரு. 2022ல டிஸ்லெக்ஸியா, அதாவது வாசிக்கறதுல சிக்கல், இருக்கற 50,000 பேருக்கு மேல, இல்லாத 10 லட்சம் பேருக்கு மேல ஜீனை ஒப்பிட்டுப் பாத்து, டிஎன்ஏல அதோட சம்பந்தப்பட்ட 42 இடம் கண்டுபிடிச்சாங்க. எல்லாத்தையும் கூட்டினாலும் உங்க வீட்டுப் பையன் வாசிப்பானா மாட்டானான்னு சொல்ற அளவுக்குத் தேறாது.

அதைவிட வீட்டுலயே ஒண்ணு பண்ணிப் பாருங்க. "ரவிகிட்ட 12 மாம்பழம் இருந்தது, தங்கைக்கு 5 கொடுத்தான், மீதி எத்தனை?" இதை எழுதிக் குடுங்க. முழிக்கறானா? இப்ப நீங்களே வாசிச்சுக் காட்டுங்க. டக்குனு ஏழுங்கறானா, அப்ப அவனுக்குக் கணக்கு வருது, எழுத்துலதான் சிக்கல் இருக்கலாம். வாசிச்சுக் காட்டியும் வரல, அஞ்சாவது படிக்கறப்பவும் 7 பெருசா 9 பெருசான்னு விரல் விட்டு எண்ணிதான் சொல்றான்னா அது வேற ரகம், கணக்குலயே சிக்கல் இருக்கலாம். சிலருக்கு ரெண்டும் சேர்ந்தே வரும். இது முடிவு இல்ல, எதைக் கவனிக்கணும்ங்கறதுக்கு ஒரு துப்பு. அடுத்தது சிறப்புக் கல்வி ஆசிரியரையோ மனநல நிபுணரையோ பாருங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கு, சான்றிதழ் வாங்கினா பரீட்சையில கூடுதல் நேரம் கேட்கலாம். "சோம்பேறி, திமிரு"ன்னு திட்டறதை மட்டும் இன்னிக்கே நிறுத்திடுங்க, ப்ளீஸ்.

ஜீன் டெஸ்டே வேஸ்ட்டான்னா, இல்ல. மூணு நாலு மாசக் குழந்தை முகத்தைப் பாக்கவே மாட்டேங்குது, கண்ணு ரெண்டும் ஆடிட்டே இருக்கு, விரலால கண்ணைக் குத்திக் குத்தி அமுக்குதுன்னா உடனே கண் டாக்டர்கிட்ட ஓடுங்க. அவரு ஜீன் டெஸ்ட் எழுதிக் குடுத்தா தயங்காம எடுங்க. அம்மாகிட்ட இருந்து ஒண்ணு, அப்பாகிட்ட இருந்து ஒண்ணுன்னு வந்த ஆர்பிஇ65 ரெண்டு பிரதியும் பழுதுன்னு உறுதியானாதான் அந்த ஊசியைப் பத்தியே பேச முடியும். அதுவும் விழித்திரையில செல் மிச்சம் இருக்கறப்பவே.