இரு நாடுகளுக்காக ஓடிய ஒபிக்வேலு

அவையோருக்கு வணக்கம். புலம்பெயர்ந்த விளையாட்டு வீரர்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், பதக்கத்துக்காக ஆள் பிடித்து வந்தார்கள் என்ற குறை உடன் எழுகிறது. அந்தக் குறை குறுந்தூர ஓட்டக்காரர் ஃபிரான்சிஸ் ஒபிக்வேலுவுக்குச் சற்றும் பொருந்தாது என்பதைச் சொல்லவே நான் வந்திருக்கிறேன்.

நைஜீரியாவின் ஒனித்ஷாவில் 1978இல் பிறந்த அவர், 1994இல் உலக இளையோர் தடகளப் போட்டிக்காக லிஸ்பனுக்கு வந்து, ஊர் திரும்பாமல் போர்ச்சுகலிலேயே தங்கிவிட்டார். அப்போது அவருக்குப் பதினாறு வயதுகூட நிறையவில்லை. அந்த நாட்டின் மொழி தெரியாத அந்தச் சிறுவன் தெற்கே அல்கார்வ் பகுதியில் கட்டட வேலைக்குப் போனான். அவனுக்கு மொழி கற்றுத்தந்த ஆசிரியர் ஒருவரின் முயற்சியால்தான் லிஸ்பனின் பெலெனென்செஸ் விளையாட்டுக் கழகத்தின் கதவு திறந்தது. ஒரு நாட்டின் தடகள வரலாறு ஓர் ஆசிரியரின் அக்கறையால் திசை மாறியது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

போர்ச்சுகலில் வாழ்ந்துகொண்டே அவர் பல ஆண்டுகள் நைஜீரியாவுக்காகத்தான் ஓடினார். 1997இல் ஏதென்ஸ் உலகப் போட்டியின் தொடரோட்டத்தில் வெள்ளியும், 1999இல் செவில்யா உலகப் போட்டியின் 200 மீட்டரில் வெண்கலமும் அந்நாட்டின் கணக்கில் சேர்ந்தவை. 2001இல்தான் அவர் போர்ச்சுகல் குடிமகனானார். வந்து ஏழு ஆண்டுகள் உழைத்து வாழ்ந்த பின் கிடைத்த அந்தக் குடியுரிமையை விலைக்கு வாங்கியது என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

கார்லோஸ் லோப்பஸ், ரோசா மோட்டா போன்றவர்களால் நெடுந்தூர ஓட்டத்தில் பெயர்பெற்றிருந்த போர்ச்சுகலுக்கு, 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கின் 100 மீட்டர் இறுதியில் அவர் வெள்ளி வாங்கித் தந்தார். 1.95 மீட்டர் உயரம் கொண்ட அவருக்குத் தொடக்கக் கட்டையிலிருந்து எழுவதே பெரும்பாடு. நீண்ட கால்கள் விரிந்து வேகம் கூடும்போது மற்றவர்கள் முன்னே போயிருப்பார்கள். அன்றும் பின்தங்கியே புறப்பட்டு, பாதித் தூரத்துக்குப் பின் ஒவ்வொருவராகக் கடந்து, 9.86 நொடியில் எல்லைக்கோட்டைத் தொட்டார். தங்கம் வென்ற ஜஸ்டின் காட்லினுக்கும் அவருக்கும் இடையே நூற்றில் ஒரு பங்கு நொடி. மூன்றாமவரான மாரிஸ் கிரீனுக்கும் அவருக்கும் இடையே அதே அளவு. அது ஐரோப்பியச் சாதனை. 2021இல் டோக்கியோவில் மார்செல் ஜேக்கப்ஸ் முறியடிக்கும்வரை அதைவிட விரைவாக எந்த ஐரோப்பியரும் ஓடியதில்லை.

2006இல் கோத்தன்பர்க் ஐரோப்பியப் போட்டியில் 100, 200 மீட்டர் இரண்டையும் வென்றார். எனினும் 2011இல் பாரிஸ் உள்ளரங்கப் போட்டியில் அவர் பெற்ற 60 மீட்டர் தங்கத்தையே நான் மிகவும் மதிக்கிறேன். தொடக்கத்தில் தவறவிட்டதை ஈடுகட்ட இடமே தராத அந்தக் குறுகிய தூரத்தில், 32 வயதில், பிரிட்டனின் டுவைன் சேம்பர்ஸை நூற்றில் ஒரு பங்கு நொடியில் முந்தி அவர் வென்றார்.