வளரவில்லை என்று எழுதிய நாட்கள்

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் முப்பது வருடத்துக்கு மேல் ஆய்வுகூடத்தில் வேலை செய்தவள். இரத்தம், சிறுநீர், மலம், சளி, இவற்றோடுதான் என் காலம் போனது. ஓய்வு பெற்ற பிறகும் மனம் அங்கேயேதான் நிற்கிறது. இன்றைக்கு 15 நிமிடம் தந்திருக்கிறார்கள். மனிதக் குடலில் ஒரு துளியை எடுத்துக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, அதில் கிருமியை விட்டுப் பார்க்கிறார்களே, அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். ஆனால் அதற்கு முதல் ஒரு சின்ன வரியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வயிற்றோட்டம் என்று ஆஸ்பத்திரிக்குப் போனால் சில வேளை மலத்தைப் பரிசோதிக்கக் கேட்பார்கள். இரண்டு மூன்று நாளில் முடிவு எழுதிய ஒரு துண்டு வரும். அதில் பல தடவை ஒரே வரிதான் இருக்கும்: நோய்க்கிருமி வளரவில்லை. நானே எத்தனை ஆயிரம் துண்டில் இதை எழுதியிருப்பேனோ தெரியாது. வாங்குகிறவர்கள் அதைக் 'கிருமி இல்லை' என்று வாசிப்பார்கள். வளரவில்லை வேறு, இல்லை வேறு. நாங்கள் வைத்த சாப்பாட்டில் அது வளரவில்லை, அவ்வளவுதான். இதை இன்றைக்கு இன்னும் இரண்டு தடவையாவது சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1995 ஒக்டோபர் கடைசியில் சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுக்க எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். சின்னவர்கள் அம்மா அப்பா சொல்லக் கேட்டிருப்பார்கள். அடை மழை. பள்ளிக்கூடங்கள், கோயில் மண்டபங்கள், தெரியாதவர்களின் வீட்டுத் திண்ணைகள், எங்கே பார்த்தாலும் சனம். ஒரு கிணற்றில் நூறு குடும்பம் அள்ளும். மலசலகூடத்துக்கு வரிசை. வயிற்றோட்டம் வராமல் இருக்குமா?

நாங்கள் இரண்டு பேர் ஒரு சின்ன அறையில் ஆய்வுகூடம் என்று ஒன்றை நடத்தினோம். மின்சாரம் இல்லை. கிருமி வளர்க்க 37 பாகை சூடு வேண்டும், மனித உடம்பின் சூடு. அதற்குத் தேயிலைப் பெட்டி ஒன்றை எடுத்து, உள்ளே தகரம் அடித்து, கீழே ஒரு மண்ணெண்ணெய் விளக்கு வைத்தோம். மேலே ஒரு துளை போட்டு வெப்பமானியைச் செருகினோம். மண்ணெண்ணெய் அன்றைக்கு என்ன விலை என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 39க்கு ஏறினால் திரியை இறக்க வேண்டும், 35க்கு இறங்கினால் ஏற்ற வேண்டும். இரவில் முறை வைத்து விழித்திருந்தோம். கண்ணாடித் தட்டுகளைக் கழுவிக் கழுவித் திருப்பிப் பாவித்தோம். அந்தப் பெட்டிக்குள் இருந்து வருகிற கரிப்புகை மணமும், தட்டைத் திறந்தால் வருகிற புளித்த மணமும் இன்றைக்கும் என் மூக்கில் இருக்கிறது.

பள்ளிக்கூடம் ஒன்றில் தங்கியிருந்த ஒரு தாய் தன் மூத்த பிள்ளையின் மலத்தை மருந்துப் போத்தல் ஒன்றில் கொண்டு வந்தார். பிள்ளைக்கு இரண்டு நாளாகச் சத்தியும் வயிற்றோட்டமும். நான் தட்டில் தேய்த்துப் பெட்டிக்குள் வைத்தேன். அடுத்த நாள் பார்த்தால் இளஞ்சிவப்புப் புள்ளிகள் மட்டும். அது எல்லார் குடலிலும் இருக்கிற சாதாரண கிருமி. வயிற்றுளைவுக் கிருமி என்றால் நிறமில்லாமல் தெரியும். திருப்பித் திருப்பிப் பார்த்தேன், அப்படி ஒரு புள்ளிகூட இல்லை. துண்டில் எழுதினேன், நோய்க்கிருமி வளரவில்லை என்று.

அந்த அம்மா துண்டைப் பார்த்துவிட்டு, "பிள்ளை, அப்ப கிருமி இல்லைத்தானே? தண்ணி நல்லதுதானே?" என்று கேட்டார்.

"ஓம் அம்மா, ஒண்டும் வளரேல்லை" என்றேன்.

என் மறுமொழி அவ்வளவுதான். அவர் அதுவரை ஈர விறகை ஊதி ஊதித் தண்ணீரைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தவர். விறகு கிடைக்காத நாட்கள். கிருமி இல்லை என்று ஆய்வுகூடமே சொல்லிவிட்டது என்று கொதிக்க வைப்பதை நிறுத்திவிட்டார். மூன்றாம் நாள் இளையதையும் தூக்கிக்கொண்டு வந்தார். கண் உள்ளே போய், தோலைக் கிள்ளினால் கிள்ளியபடியே நிற்கிறது. ஜீவனி என்கிற உப்புச் சீனித் தூளைக் கரைத்துக் கரண்டி கரண்டியாக இரவு முழுக்கப் பருக்கினோம். பிள்ளை தப்பியது. ஆனால் அந்த அம்மா விறகை மிச்சம் பிடித்தது என் துண்டை நம்பி என்பது என்னை விட்டுப் போகவில்லை. அன்றிலிருந்து வளரவில்லை என்று எழுதுகிற ஒவ்வொரு தடவையும் வாயாலும் சொல்லி அனுப்பினேன்: அம்மா, எங்களிடம் வளரவில்லை, இல்லை என்று நினைக்க வேண்டாம், தண்ணீரைக் கொதிக்க வையுங்கள்.

சரி, ஏன் வளரவில்லை? பற்றீரியா என்றால் நாங்கள் வைக்கிற சத்தைத் தின்று வளரும். கடற்பாசியில் இருந்து எடுக்கிற அகரில் கொஞ்சம் இறைச்சிச் சாறு, உப்பு, சீனி எல்லாம் சேர்த்து உறைய வைத்தால் அதற்குப் போதும். வைரஸ் அப்படி இல்லை. மாமரத்தில் குருவிச்சை பிடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதை வெட்டி எடுத்துப் பூச்சாடியில் நட்டு, என்ன பசளை போட்டாலும் வருமா? வராது. மரத்தில் இருந்தால்தான் அதற்கு வாழ்வு. வைரஸுக்கு உயிருள்ள கலம்தான் மரம். பாடசாலையில் படித்தோமே, கலம், அதுதான். சில வைரஸ்கள் இன்னும் வீம்புக்காரர்கள். மனிதக் கலம்தான் வேண்டும், அதிலும் குடல் கலம்தான் வேண்டும் என்று நிற்கும்.

அப்படி ஒரு வீம்புக்காரன்தான் நோரோ வைரஸ். 1968இல் அமெரிக்காவில் நோர்வோக் என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சத்தியும் வயிற்றோட்டமும் பரவியது. அங்கேயும் எந்தத் தட்டிலும் ஒன்றும் வளரவில்லை. பிறகு அந்த மலத்தைக் கரைத்து, பற்றீரியா போகாத வடியில் வடித்து, விருப்பத்தோடு முன்வந்தவர்களுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். அவர்களுக்கும் வருத்தம் வந்தது. 1972இல் அல்பேர்ட் கபிக்கியன் என்பவர் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் அதைக் கண்ணால் கண்டார். கண்டது 1972. ஆய்வுகூடத்தில் வளர்த்தது எப்போது தெரியுமா? 2016. இடையில் 44 வருடம்! ஒரு கிருமி உலகம் முழுக்கச் சனத்தைப் படுக்கையில் போடுகிறது, அதை வளர்க்கத் தெரியாமல் 44 வருடம் இருந்திருக்கிறோம்.

மனிதக் கலங்கள் அதற்கு முதலே ஆய்வுகூடங்களில் இருந்தன, அதை ஏன் பாவிக்கவில்லை என்று கேட்பீர்கள். இருந்தனதான். 1951இல் அமெரிக்காவில் ஹென்றியெற்றா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கருப்பைக் கழுத்துப் புற்றில் இருந்து எடுத்த கலங்கள் இன்றைக்கும் உலகம் முழுக்க வளர்கின்றன. அவரிடம் அனுமதி கேட்காமல் எடுத்தவை அவை. அந்த அம்மாவின் பெயரை இந்தத் துறையில் உள்ளவர்கள் தலை குனிந்துதான் சொல்ல வேண்டும். போலியோத் தடுப்பு மருந்து வேலைக்கு அந்தக் கலங்கள் பெரிய உதவி. ஆனால் அவை புற்றுக் கலங்கள், எல்லாம் ஒரே சாதி. குடலில் சத்தை உறிஞ்சுகிற கலம் ஒன்று, சளி சுரக்கிறது ஒன்று, ஓமோன் விடுகிறது ஒன்று என்று பல பேர் அருகருகே இருப்பார்கள். அந்தக் குடித்தனம் தட்டில் பரப்பிய புற்றுக் கலத்தில் இல்லை. நோரோ வைரஸ் அங்கே போய்ப் பார்த்துவிட்டு, இது என் வீடு இல்லை என்று சும்மா கிடந்துவிடும்.

அந்த வீட்டைக் கட்டுகிற வழி ஒல்லாந்தில் இருந்து வந்தது. ஒல்லாந்து என்றால் எங்களுக்குக் கோட்டைதான் ஞாபகம் வரும். அங்கே உட்ரெக்ட் என்ற நகரத்தில் ஹான்ஸ் கிளெவர்ஸ் என்பவரின் ஆய்வுகூடத்தில், தொஷிரோ சாட்டோ என்ற யப்பானிய விஞ்ஞானி 2009இல் எலியின் குடலில் இருந்து ஒரே ஒரு கலத்தை எடுத்து, அதில் இருந்து ஒரு குட்டிக் குடலை வளர்த்துக் காட்டினார். 2011இல் மனிதக் குடலுக்கும் அதைச் செய்தார்கள்.

அது என்ன கலம்? பனைக்குக் குருத்து எப்படியோ அப்படி ஒன்று. ஓலை எத்தனை விழுந்தாலும் குருத்து இருந்தால் பனை திரும்ப ஓலை விடும். குருத்தை வெட்டினால் பனை போய்விடும். எங்கள் குடலின் உட்தோல் நாலைந்து நாளுக்கு ஒருக்கால் புதிதாகிறது. பழையது உதிர்ந்துகொண்டே இருக்கும். புதியதைத் தருகிற குருத்துக் கலங்கள் குடல் சுவரின் குழிகளுக்கு அடியில் ஒளிந்திருக்கின்றன. குழாய் விட்டுப் பார்க்கும்போது நுள்ளி எடுக்கிற ஒரு சின்னத் துணுக்கு போதும். அதில் இருந்து அந்தக் குழிகளைப் பிரித்து, ஒரு விதமான பசையில் கலக்கிறார்கள். அந்தப் பசை குளிரில் தண்ணீராக இருக்கும், உடம்புச் சூட்டில் உறையும். நெய்க்கு நேர் எதிர். உறைந்த பிறகு, வளரச் சொல்லிச் செய்தி கொடுக்கிற சில புரதங்களை மேலே விடுவார்கள். ஒரு கிழமையில் கடுகிலும் சின்ன உருண்டைகள் வரும். உள்ளே வெற்றிடம், சுற்றிக் குடல் தோல். சத்து உறிஞ்சுகிறவர், சளி சுரக்கிறவர் எல்லாரும் தங்கள் தங்கள் இடத்தில் இருப்பார்கள். உடைத்துப் பிரித்து வைத்தால் ஒவ்வொரு துண்டும் திரும்ப உருண்டையாகும். உறைய வைத்து வருடக்கணக்கில் வைத்திருக்கலாம்.

இதற்குப் பெயர் ஓர்கனொயிட். நான் குட்டி உறுப்பு என்றுதான் சொல்வேன். 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் சாமுவேல் கிறீன் ஐயா மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்த மண் இது. நாங்கள் வாய் கூசாமல் தமிழில் ஒரு பெயர் வைக்கலாம்.

ஒரு சிக்கல் இருக்கிறது. கொழுக்கட்டையை நினையுங்கள். பயறு உள்ளே, மா வெளியே. இந்த உருண்டையிலும் சாப்பாடு போகிற பக்கம் உள்ளேதான். மூடிய கொழுக்கட்டைக்குள் கிருமியை எப்படி விடுவது? மயிரிலும் மெல்லிய கண்ணாடி ஊசியால் குத்தி உள்ளே விடுகிறார்கள். இல்லாவிட்டால் உருண்டையை உடைத்துத் தோசை மாதிரித் தட்டில் பரப்பி மேலே விடுகிறார்கள்.

ஹூஸ்டனில் மேரி எஸ்டஸ் அம்மையாரின் குழு 2016இல் இந்தத் தோசை வழியில்தான் நோரோ வைரஸை வளர்த்தது. சில வகைகள் அப்போதும் முரண்டு பிடித்தன. பிறகு அவர்கள் கொஞ்சம் பித்தம் சேர்த்தார்கள். வளர்ந்துவிட்டது! உண்மைக் குடலில் பித்தம் இருக்கும்தானே. அதை வாசித்த அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. தேயிலைப் பெட்டியின் முன்னால் திரியை ஏற்றி இறக்கிக்கொண்டு நான் இருந்த நேரத்தில், எங்கள் அகரில் இல்லாதது உயிருள்ள குடல் என்று அன்றுதான் எனக்கு விளங்கியது.

இன்னொன்று கேளுங்கள். ஒரே பந்தியில் சாப்பிட்டுவிட்டு எல்லாரும் சத்தி எடுக்க, ஒருவர் மட்டும் ஒன்றும் இல்லாமல் நடந்து திரிவார். இரத்த வகையோடு சேர்ந்த ஒரு சர்க்கரைச் சங்கிலி சிலருடைய குடல் கலங்களின் மேல் பிறப்பிலேயே இருக்காது. சில நோரோ வைரஸ்களுக்கு அதுதான் கதவுப் பிடி. அப்படிப்பட்டவரின் குடலை எடுத்துத் தட்டில் வளர்த்தால், தட்டிலும் அந்த வகை பிடிக்காது. ஆள் எப்படியோ, தட்டும் அப்படி.

வீட்டுக்கு உதவுகிற விஷயமும் இதில் இருந்து வந்தது. முதலெல்லாம் எந்த மருந்துக்கு நோரோ வைரஸ் சாகும் என்று பார்க்கப் பூனையின் வைரஸையும் எலியின் வைரஸையும் வைத்துத்தான் ஊகித்தார்கள். குட்டிக் குடல் வந்த பிறகு மனித வைரஸையே வைத்துப் பார்த்தார்கள். கைக்குப் பூசுகிற அற்ககோல் அதை முழுதாகக் கொல்லவில்லை. குளோரின் போதிய அளவில் கொன்றது. அதனால் வீட்டில் சத்தி வருத்தம் என்றால் கையைச் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவுங்கள், போத்தல் அற்ககோலை மட்டும் நம்பாதீர்கள். எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல். மலக்குழியில் இருப்பது வெடிப்பு வழியே பக்கத்துக் கிணற்றுக்கு வந்துவிடும். வெள்ளத்துக்குப் பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பீ.எச்.ஐ., வந்து கிணற்றுக்குக் குளோரின் போட்டால் மணக்கிறது என்று சண்டை பிடிக்காதீர்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து தம்பி இரண்டு விரலைக் காட்டுகிறார், இரண்டு நிமிடம்தான். தைபொயிட் என்கிற நெருப்புக்காய்ச்சலுக்கும் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன், சரி, சுருக்கமாகச் சொல்கிறேன். நெருப்புக்காய்ச்சல் கிருமி மனிதரைத்தான் பிடிக்கும். எலிக்கு அதன் ஒன்றுவிட்ட தம்பியைக் கொடுத்துத்தான் இவ்வளவு நாளும் படித்தோம். இப்போது மனிதக் குட்டிக் குடலிலேயே அது நுழைவதைப் பார்க்கிறார்கள். 2016இல் சீக்கா வைரஸ் குழந்தைகளின் தலையை ஏன் சின்னதாக்குகிறது என்று குட்டி மூளையில் பார்த்தார்கள். வளர்கிற மூளையின் குருத்துக் கலங்களைத்தான் அது தின்கிறது. குறையும் இருக்கிறது. இந்தக் குட்டி உறுப்புகளுக்குப் பெரும்பாலும் இரத்தக் குழாய் இல்லை, நரம்பு இல்லை, கிருமியோடு சண்டை பிடிக்கிற காவல் கலங்கள் இல்லை. குடலில் இருக்கிற பல நல்ல கிருமிகளுக்குக் காற்றுப் பட்டால் சாவு, எங்கள் கலத்துக்கோ காற்று வேண்டும். இரண்டையும் ஒரு தட்டில் குடிவைப்பது பெரும்பாடு.

கடைசியாக ஒன்று. பிள்ளைகளுக்கு ரொன்சில் வெட்டினால் முதல் அதை எறிவார்கள். அதில் காவல் கலங்கள் நிறைய இருக்கின்றன. 2021இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் அந்தக் கலங்களைப் பிரித்துத் தட்டில் விட்டார்கள். அவை தாங்களாகவே கூடித் திரண்டன. சளிக்காய்ச்சல் தடுப்பு மருந்தைச் சேர்த்துப் பார்த்தால், ஒரு கிழமையில் அதற்கு எதிரான பிறபொருளெதிரி அந்தத் தட்டிலேயே வந்திருந்தது. தம்பி ஒரு விரலையும் மடக்கிவிட்டார். நன்றி, வணக்கம்.