பூட்டிய பியானோவைத் திறந்துவிடுங்கள்

தலைமை ஏற்றிருக்கும் ஐயா அவர்களே, நான் பேச நினைத்ததில் பாதியை வரவேற்புரையிலேயே பேசி முடித்துவிட்ட துணைத்தலைவர் அவர்களே, அரங்கத்தின் சாவிக்கொத்தை வைத்திருக்கும் செயலாளர் அம்மா அவர்களே (உங்களிடம் ஒரு கோரிக்கை இருக்கிறது, பிறகு வருகிறேன்), புரவலர்களே, முன்வரிசைக்கு வரத் தயங்கும் நண்பர்களே, வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்த வாரம் இங்கே தனிக்கச்சேரி செய்யப்போகும் பியானோ கலைஞரைப் பற்றி மூன்று விஷயம் பேசச் சொன்னார்கள்: அவர் வந்த பாதை, வாசிக்கப்போகும் உருப்படிகள், நாம் எப்படிக் கேட்பது.

பாதை என்றால் போட்டி, பரிசு, இசைத்தட்டு எல்லாம் அழைப்பிதழின் பின்பக்கம் இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். 'சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்' என்றாள் ஔவை. பியானோவுக்கும் அதேதான், ஆனால் ஒரு சிக்கல். வயலின்காரர் தன் வயலினைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்துவிடுவார்; இவரோ ஒன்பது அடி நீளத்தில் அரை டன் கனத்தில் நிற்கிற, முன்பின் தெரியாத கருவி முன்னால் ஊருக்கு ஊர் போய் உட்கார வேண்டும். ஒன்றில் கட்டைகள் அழுத்தமாக இருக்கும், இன்னொன்றில் தொட்டாலே கத்தும். கச்சேரிக்கு முன்னால் கொஞ்ச நேரம் தொட்டுப் பார்க்கக் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

போர்ச்சுகல் நாட்டுப் பியானோ கலைஞர் மரியா ஜுவாவ் பிரெஸ் அம்மாவின் கதை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும், தெரிந்தவர்கள் இன்னொரு தடவை கேளுங்கள். ஆம்ஸ்டர்டாமில் ஒரு மதியக் கச்சேரி. இசைக்குழுவை நடத்துகிறவர் ரிக்கார்டோ ஷைலி. அவர் கையசைக்கிறார், குழு மோட்சார்ட்டின் இருபதாவது பியானோ கான்செர்ட்டோவை, அதாவது பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கிற உருப்படியை, ஆரம்பிக்கிறது. பியானோ முன்னால் உட்கார்ந்திருக்கிற அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. அவர் தயார் செய்து வந்தது வேறொரு மோட்சார்ட் கான்செர்ட்டோ! எதிரே ஜனங்கள். கையை முகத்தில் வைத்துக்கொள்கிறார், ஷைலியிடம் என்னவோ சொல்கிறார். அவரோ கையசைப்பதை நிறுத்தாமலேயே, சிரித்துக்கொண்டு, உங்களுக்குத் தெரிந்ததுதானே, வாசியுங்கள் என்கிற மாதிரி தைரியம் சொல்கிறார். நல்லவேளை, பியானோ சேருவதற்கு முன்னால் குழு மட்டும் வாசிக்கிற அந்த முன்னிசை இரண்டு நிமிடத்துக்கு மேல் போகும். அந்த இரண்டு நிமிடத்தில் அந்த அம்மாவின் முகம் படுகிற பாட்டை வீடியோவில் பார்க்க வேண்டும். அப்புறம் தன் முறை வருகிறது, கையை வைக்கிறார், நினைவிலிருந்தே வாசித்துக்கொண்டு போகிறார். மனசு பதறினாலும் விரலுக்கு வழி தெரிந்திருக்கிறது. சித்திரமும் கைப்பழக்கம்!

சரி, உருப்படிகள். பீத்தோவனின் 32 பியானோ சொனாட்டாக்களில் (பல பகுதிகளாக வரும் தனி உருப்படிகள்) கடைசியானது, 1822-ல் முடித்தது. அதற்கு இரண்டே பகுதிதான், இரண்டாவது முடிந்ததும் இன்னும் இருக்கிறது என்று காத்திருக்காதீர்கள். பிறகு ஷோப்பானின் 24 பிரெலூட்கள், சின்னச் சின்ன உருப்படிகள், சில ஒரு நிமிடம்கூட வராது.

இப்போது செயலாளர் அம்மாவிடம் வருகிறேன். கைப்பழக்கம் கைப்பழக்கம் என்கிறோமே, அந்தக் கையை எங்கே பழக்குவது? நம் அரங்கத்துப் பியானோ வருஷம் முழுக்க உறைக்குள் பூட்டிக் கிடக்கிறது. வாசிக்காமல் வைத்தால் புதுசாகவே இருக்கும் என்று நினைக்கிறார்கள். இருக்காது. வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் ஈரப்பதம் மாற மாற சுருதி கலையத்தான் செய்யும், சுத்தியலில் இருக்கிற கம்பளியை அந்துப்பூச்சி அரிக்கும். வீட்டில் வெறும் மின்விசைப்பலகையில் பழகுகிற பிள்ளைகள் எத்தனை பேர்! அரங்கம் சும்மா இருக்கிற காலை வேளைகளில் அவர்களுக்குத் திறந்துவிடுங்கள். மேற்பார்வைக்கு நாங்கள் முறை வைத்து வருகிறோம், சுருதி கூட்டுகிற செலவுக்கு உண்டியல் வைக்கிறோம். கச்சேரிக்கு வருகிற கலைஞருக்கும் தினமும் விரல் பட்ட கருவி கிடைக்கும்.

மணி அடித்துவிட்டார்கள். எப்படிக் கேட்பது என்பதைத் தலைவர் ஐயா தம் முடிவுரையில் சொல்வார். மனு வாசல் மேசையில் இருக்கிறது, பேனாவும் கட்டி வைத்திருக்கிறேன், போகும்போது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.