காலாவதியான ஃபிலிம் ரோலுக்கு 2500 ரூபா, ஏன் குடுக்குறாங்க?

[க்ளோசப்: உள்ளங்கையில ஒரு சின்ன அட்டை டப்பா]

இந்த டப்பாவ பாருங்க. ஓரமெல்லாம் வெளுத்துப்போச்சு, ஆனா சீல் இன்னும் பிரிக்கல. இந்துங்கற பிராண்டு கேமரா ஃபிலிம், நம்ம ஊட்டியில செஞ்சது, எங்க மாமா வீட்டு பீரோல கிடைச்சுது. எக்ஸ்பைரி முடிஞ்சு முப்பது வருசத்துக்கு மேல ஆச்சு, இப்ப கேமரால போட்டு எடுத்தா படம் மூடுபனி அடிச்ச மாதிரி வரும், வராமலே கூட போகலாம். போன டிசம்பர்ல குன்னூர்ல ஒரு பழைய சாமான் கடைல இதே மாதிரி ஒரு ரோல ஒரு அக்கா 2500 ரூபா குடுத்து வாங்குனாங்க, பேரமே பேசல, கடைக்கார அண்ணனே ஒரு நிமிசம் முழிச்சாரு.

பழசாச்சுன்னா விலை ஏறும்னு நாம நினைக்கிறோம்ல, அது அப்படி கிடையாது. உலகத்தோட முதல் தபால்தலை பென்னி பிளாக், 1840ல வந்தது, அத விட பழைய ஸ்டாம்பே கிடையாது, ஆனா அடிச்சது 6 கோடியே 80 லட்சத்துக்கும் மேல, நிறைய பேர் பத்திரமா வெச்சிருந்ததால இன்னைக்கும் சாதாரண சேகரிப்பாளர் ஒருத்தர் காசு சேர்த்து வாங்கிடலாம். அதுக்கு 16 வருசம் கழிச்சு வந்த பிரிட்டிஷ் கயானாவோட ஒரு சென்ட் ஸ்டாம்ப் உலகத்துலயே ஒண்ணே ஒண்ணுதான் தெரிஞ்சு இருக்கு, 2014ல கிட்டத்தட்ட 95 லட்சம் டாலருக்கு போச்சு. ஆக எத்தனை மிச்சம் இருக்குங்கறதுதான் முதல் கேள்வி.

[காட்சி: இந்து நகர், பூட்டிக்கிடக்கற ஃபேக்டரி கேட்]

இப்ப ஃபிலிமுக்கு வாங்க. இந்து ஃபிலிம செஞ்சது இங்க இருந்த ஹெச்பிஎஃப், அதாவது ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், 1960ல ஆரம்பிச்ச அரசு கம்பெனி, 1967ல உற்பத்தி தொடங்குச்சு. தூசி இல்லாத காத்து, குளிர், அதான் ஊட்டி. வருசக்கணக்கா ரோல் ரோலா வெளிய போச்சு, சரி, அதெல்லாம் எங்க? எடுத்துட்டாங்க! கல்யாணத்துல, காலேஜ் டூர்ல, ஸ்டூடியோல பாஸ்போர்ட் போட்டோவுக்கு. ஃபிலிம்ங்கறது செலவாகறதுக்குன்னே பொறந்த பொருள், பிரிக்காத ரோல் ஒண்ணு மிச்சம் இருந்தா யாரோ மறந்துட்டாங்கன்னு அர்த்தம். பழைய காமிக்ஸுக்கும் இதே கதைதான், 1972ல முத்து காமிக்ஸ் வர ஆரம்பிச்சப்போ அத யாரும் கவர் போட்டு வைக்கல, படிச்சு, கைமாத்தி, கிழிஞ்சு, கடைசில எடைக்கு போட்டுட்டாங்க, அதனாலதான் அட்டை கிழியாத ஒரு பிரதிக்கு இன்னைக்கு அவ்ளோ அடிதடி.

ஆனா கம்மியா இருந்தா மட்டும் போதாது, என் வீட்டு உடைஞ்ச ஃப்ளாஸ்க் கூட ஒண்ணுதான் இருக்கு, யாரும் கேக்கல. வேணும்னு ஏங்குற ஆள் இருக்கணும், அந்த ஆள் கையில காசும் இருக்கணும். பத்து வயசுல கடைக்கண்ணாடிக்கு வெளிய நின்னு பார்த்தவங்களுக்கு நாப்பது, அம்பது வயசுலதான் வீட்டுக்கடன், பிள்ளைங்க ஃபீஸ் போக கொஞ்சம் கையில நிக்கும். விலை ஏறுறது அப்பதான். அந்த தலைமுறை போயிட்டா இறங்கவும் செய்யும். மேல சொன்ன அந்த ஒரே ஒரு ஸ்டாம்ப் கூட 2021ல 83 லட்சம் டாலருக்குத்தான் போச்சு.

இந்த ஏக்கத்துக்கு நாஸ்டால்ஜியான்னு பேரு வெச்சவர் யோஹன்னஸ் ஹோஃபர், 1688ல, சுவிட்சர்லாந்து மருத்துவ மாணவர். சொந்த ஊர விட்டு தூரமா போனவங்களுக்கு வர்ற வீட்டு நெனப்ப ஒரு வியாதின்னு எழுதுனாரு, வெளிநாட்டுல சண்டைக்கு போன சுவிஸ் மலைக்காரங்களோட வியாதின்னே அது பேர் வாங்கிடுச்சு. இத படிச்சதும் எனக்கு அந்த அக்காதான் ஞாபகம் வந்தாங்க. அவங்க இப்ப இருக்கறது திருப்பூர்ல. அப்பா ஹெச்பிஎஃப்ல கோட்டிங் செக்சன், அதாவது வெளிச்சம் பட்டா கெட்டுப்போற மருந்த ஃபிலிம் மேல பூசற இடம், அதனால ஷிஃப்ட் முழுக்க இருட்டுல வேலை, வெளிய வந்ததும் கொஞ்ச நேரம் கண்ண சுருக்கிட்டே நிப்பாராம். கலர் வந்து, வெளிநாட்டு ஃபிலிம் வந்து, டிஜிட்டல் வந்து, ஃபேக்டரி படுத்துச்சு, குவார்ட்டர்ஸ காலி பண்ணிட்டு கீழ இறங்குனாங்க. வீடு மாத்துறப்போ ஒரு ரோல் கூட எடுத்து வைக்கலன்னு சொன்னப்போ அவங்க குரல் மாறிடுச்சு. 2500 அதுக்குத்தான்.

இன்னொன்னு, ஏலத்துல விலைய ஏத்த ஆயிரம் பேர் தேவையில்ல, ரெண்டு பேர் போதும், அதுலயும் ஒருத்தருக்கு அது செட்ல மிச்சம் இருக்கற கடைசி ஒண்ணுன்னா அவர் நிறுத்தவே மாட்டாரு.

இத நம்பி சேர்த்து வைக்கணும்னே விக்கற பொருள வாங்கிடாதீங்க, தயவுசெஞ்சு. அமெரிக்கால 90கள்ல பீனி பேபின்னு துணி பொம்மைங்கள நாளைக்கு விலை ஏறும்னு டேக் கூட கசங்காம லட்சக்கணக்கான பேர் வாங்கி வெச்சாங்க, எல்லார்கிட்டயும் இருந்துச்சு, புதுசாவே இருந்துச்சு, சில வருசத்துல விலை தரைக்கு வந்துடுச்சு.

[டப்பா மறுபடியும்]

நம்ம ஊர்ல இருக்கவங்களுக்கு ஒரு விசயம். ஜூன் ஜூலை ஈரத்துல அட்டையும் ஃபிலிமும் பூஞ்சை புடிச்சிடும், பரண்ல வைக்காதீங்க, மூடி இறுக்கமான டப்பால ரெண்டு சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட வைங்க, சீல பிரிக்காதீங்க, அழுக்குன்னு ஈரத்துணியால தொடைக்கவே தொடைக்காதீங்க. உங்க வீட்ல ஹெச்பிஎஃப் டப்பா, பில்லு, யூனிஃபார்ம் பட்டன் எது இருந்தாலும் பேட்ச் நம்பர், தேதி தெரியுற மாதிரி ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, யாரோட பொருள், எந்த செக்சன்ல இருந்தாங்கன்னும் ரெண்டு வரி எழுதுங்க, அடுத்த வீடியோல அதத்தான் வரிசையா காட்டப்போறேன்.