பற்றுமா, பற்றாதா? ‘இன்ஃபிளேமபிள்’ என்ற சொல்லைப் பற்றி ஒரு பேச்சு

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில், பருத்திப் பொதிகளையும் வெடிபொருளையும் ஒன்றாக ஏற்றி வந்திருந்த ‘ஃபோர்ட் ஸ்டிகீன்’ என்ற கப்பல் தீப்பிடித்து வெடித்தது. தீயை அணைக்கப் போனவர்களில் 66 பேர் உயிரிழந்தார்கள். அவர்கள் நினைவாகத்தான் ஆண்டுதோறும் தீத்தொண்டு வாரம் கடைப்பிடிக்கிறோம். தீயணைப்பானை எப்படிப் பிடிக்க வேண்டும், எண்ணெய்த் தீயில் ஏன் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதையெல்லாம் செய்து காட்டுவதற்கு வீரர்கள் வந்திருக்கிறார்கள். நான் சொற்களோடு மட்டுமே புழங்குகிறவன் என்பதால், உங்கள் கிடங்குகளிலும் வண்டிகளிலும் எழுதியிருக்கிற ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொண்டு பேசுகிறேன்.

‘ஃபிளேமபிள்’ என்றாலும் ‘இன்ஃபிளேமபிள்’ என்றாலும் பொருள் ஒன்றுதான்: எளிதில் தீப்பற்றக்கூடியது. பள்ளியில் எதிர்ச்சொல் பட்டியலை மனப்பாடம் செய்து ஆங்கிலம் கற்ற நம்மில் பலருக்கு இது நம்ப முடியாததாக இருக்கும். ‘கரெக்ட்’ என்பதற்கு ‘இன்கரெக்ட்’, ‘கம்ப்ளீட்’ என்பதற்கு ‘இன்கம்ப்ளீட்’, ‘விசிபிள்’ என்பதற்கு ‘இன்விசிபிள்’ என்று படித்துக்கொண்டே வந்தவர், அதே வரிசையில் ‘இன்ஃபிளேமபிள்’ என்பதைக் கண்டால் தீப்பற்றாதது என்று எடுத்துக்கொள்வதில் அவருடைய பிழை எதுவும் இல்லை. அவர் கற்ற விதியை அவர் சரியாகவே பின்பற்றியிருக்கிறார்.

சிக்கல் லத்தீனில் தொடங்குகிறது. அந்த மொழியில் ‘இன்’ என்ற முன்னொட்டு இரண்டு உண்டு. ஒன்று ‘இல்லை’ என்று மறுப்பது. மற்றொன்று ‘உள்ளே’, ‘மேலே’ என்று திசை காட்டுவது அல்லது வினைக்கு அழுத்தம் தருவது. ‘ஃபிளம்மா’ என்றால் தீச்சுடர். ‘இன்ஃபிளம்மாரே’ என்றால் தீ மூட்டுதல். இந்த இரண்டாவது ‘இன்’ சேர்ந்த வினையிலிருந்துதான் ‘இன்ஃபிளேமபிள்’ பிறந்தது. ஒலியில் இரண்டு முன்னொட்டுகளுக்கும் வேறுபாடு இல்லாததால், எந்தச் சொல்லில் எது வந்திருக்கிறது என்பதைச் சொல்லின் வரலாறு தெரிந்தவர் மட்டுமே சொல்ல முடியும். ‘இன்ஃபிளேட்’ என்ற சொல்லைப் பார்த்து ‘ஃபிளேட்’ என்பதன் எதிர்ச்சொல் என்று யாரும் நினைப்பதில்லை, ஏனென்றால் அப்படியொரு சொல் வழக்கில் இல்லை. ‘இன்ஃபிளேமபிள்’ என்பதிலோ முன்னொட்டை நீக்கினால் மிஞ்சுகிற ‘ஃபிளேம்’ எல்லோரும் அறிந்த உயிருள்ள சொல். அதனாலேயே கண் அந்த இடத்தில் வெட்டிப் படிக்கிறது.

காலத்தால் மூத்தது ‘இன்ஃபிளேமபிள்’தான், 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் அது புழங்கியது. 1766இல் ஹென்றி கேவண்டிஷ் ஹைட்ரஜனைத் தனி வாயுவாக இனங்கண்டு விவரித்தபோது, அதற்கு ‘எரியும் காற்று’ என்ற பொருளில் ‘இன்ஃபிளேமபிள் ஏர்’ என்று பெயரிட்டார். ஹைட்ரஜன் என்ற பெயர் பிறகு வந்தது. ‘ஃபிளேமபிள்’ 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தலைகாட்டிய சொல் என்றாலும், நூறாண்டுகளுக்கு மேல் யாரும் அதைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. அதைத் தூசி தட்டி எடுத்தவர்கள் இலக்கணக்காரர்கள் அல்லர். தீ விபத்துக்கு இழப்பீடு கொடுக்க வேண்டியிருந்தவர்களும் தீத்தடுப்பு நிபுணர்களும்தான். 1920களில் அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் ‘ஃபிளேமபிள்’ என்றே எழுதுங்கள் என்று வற்புறுத்தத் தொடங்கியது. 1959இல் பிரிட்டிஷ் தர நிறுவனமும், குழப்பத்தைத் தவிர்க்க ‘ஃபிளேமபிள்’, ‘நான்-ஃபிளேமபிள்’ என்ற இணையையே ஊக்குவிப்பதைத் தன் கொள்கையாக அறிவித்தது. முன்னொட்டு இல்லாத சொல் லத்தீன் முறைப்படி அரைகுறையானது என்று அப்போது முகம் சுளித்தவர்களும் உண்டு. எனக்கு அவர்கள் மீது மரியாதை உண்டு, ஆனால் இந்த வழக்கில் காப்பீட்டுக்காரர்கள் பக்கமே நிற்கிறேன்.

பிரெஞ்சுக்காரர்களின் நிலை வேறு. அவர்களிடம் தீப்பற்றுவதற்கு ‘இன்ஃபிளேமபிள்’ போன்ற ஒரே சொல்தான். தீப்பற்றாததற்கு அதன் முன்னால் மறுபடி ஒரு ‘இன்’ சேர்த்து ‘இனின்ஃபிளமாப்ள்’ என்று எழுதிவிடுகிறார்கள். ஒன்றின் தலையில் மற்றொன்று என்று இரண்டு முன்னொட்டுகளும் ஒரே சொல்லில் அடுத்தடுத்து நிற்பதைப் பார்க்க வேடிக்கையாக இருந்தாலும், குழப்பம் அங்கே தீர்ந்துவிடுகிறது.

ஆங்கிலத்தில் பழைய சொல் ஒழிந்துபோய்விடவில்லை. ஆத்திரமூட்டும் பேச்சை ‘இன்ஃபிளேமட்டரி’ என்றுதான் சொல்கிறார்களே தவிர, முன்னொட்டைக் கழற்றிவிட்டு எவரும் சொல்வதில்லை. மருத்துவத்தில் ‘இன்ஃபிளமேஷன்’ உறுதியாக உட்கார்ந்திருக்கிறது. சிவப்பு, வீக்கம், வெப்பம், வலி என்று அதற்கு நான்கு அறிகுறிகளை 2,000 ஆண்டுகளுக்கு முன்பே வகுத்துச் சொன்னவர் ரோமானியரான செல்சஸ். உடலுக்குள் தீ மூண்டது போன்ற நிலை என்ற எண்ணமே அந்தப் பெயருக்கு அடிப்படை. நம் கலைச்சொல் ஆக்கியவர்கள் அதற்கு ‘அழற்சி’ என்று பெயர் வைத்தார்கள். ‘அழல்’ என்றால் தீ. குடல்வால் அழற்சி, மூட்டழற்சி என்று சொல்லும்போது நாமும் அறிந்தோ அறியாமலோ தீயைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். தமிழ்க் கலைச்சொற்களில் இவ்வளவு பொருத்தமாக அமைந்தவை குறைவு என்பது என் கருத்து. ஆகவே உருவகத்துக்கும் மருத்துவத்துக்கும் பழைய சொல், எச்சரிக்கைக்குப் புதிய சொல் என்று பாகப்பிரிவினை நடந்திருக்கிறது.

இந்தியாவில் அந்தப் பாகப்பிரிவினை இன்னும் பதிவாகவில்லை. 1952இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் பெயரே ‘இன்ஃபிளேமபிள் சப்ஸ்டன்சஸ் ஆக்ட்’. நெடுஞ்சாலையில் முன்னால் போகிற டேங்கர் லாரியின் பின்புறத்தைப் பார்த்தீர்களானால், பெரிய எழுத்தில் ‘ஹைலி இன்ஃபிளேமபிள்’ என்று எழுதியிருப்பதை இன்றும் காணலாம். அதே வண்டியில் செம்மஞ்சள் நிறத் தகட்டில் 1203 என்ற எண்ணும் இருக்கும். அது பெட்ரோலுக்கு ஐக்கிய நாடுகள் அவை கொடுத்திருக்கிற எண். டீசலுக்கு 1202, மண்ணெண்ணெய்க்கு 1223. பெயின்ட் கடையில் ஒரு லிட்டர் தின்னர் வாங்கித் தகரத்தைத் திருப்பிப் பாருங்கள்: சிவப்புக் கரையிட்ட சாய்சதுரத்துக்குள் ஒரு சுடர், அதன் கீழே பொடி எழுத்தில் ‘ஹைலி ஃபிளேமபிள் லிக்விட் அண்ட் வேப்பர்’ என்ற வரி. இது வேதிப்பொருள்களின் அபாயத்தை வகைப்படுத்திக் குறியிடுவதற்கு 2003 முதல் ஐக்கிய நாடுகள் அவை வெளியிட்டுவரும் உலகப் பொதுமுறைப்படி எழுதப்பட்டது. லாரியில் ஒரு சொல், தகரத்தில் ஒரு சொல். ஒரே பட்டறைக்கு இரண்டும் வந்து சேர்கின்றன. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கிற தொழிலாளி, ஒன்று மற்றொன்றுக்கு எதிர்ப்பதம் என்று முடிவு கட்டினால் அவரை யார் குறை சொல்வது?

சொல் தெளிவாகிவிட்டால் எல்லாம் தெளிந்துவிடும் என்றும் இல்லை. ‘எளிதில்’ தீப்பற்றும் என்கிறோமே, எவ்வளவு எளிதில்? அதை அளக்கத்தான் ‘ஃபிளாஷ் பாயிண்ட்’ என்ற அளவு இருக்கிறது. ஒரு திரவத்தைச் சிறிது சிறிதாகச் சூடாக்கும்போது, மேலே சேர்ந்த ஆவி ஒரு பொறி காட்டியதும் எந்த வெப்பநிலையில் முதன்முதலாகக் குப்பென்று பற்றுகிறதோ, அதுவே அந்தத் திரவத்தின் ஃபிளாஷ் பாயிண்ட். 1934ஆம் ஆண்டின் நம் பெட்ரோலியச் சட்டம் இதை வைத்து, 23 டிகிரிக்குக் குறைவானதை ‘ஏ’ வகுப்பு என்றும், 23 முதல் 65க்குள் இருப்பதை ‘பி’ என்றும், 65 முதல் 93க்குள் இருப்பதை ‘சி’ என்றும் பிரிக்கிறது. பெட்ரோலின் அளவு சுமார் மைனஸ் 40 டிகிரி என்பதால், நம் நாட்டில் அது பற்றத் தயாராக இல்லாத வேளையே கிடையாது. மண்ணெண்ணெய்க்குத் தர விதி கேட்பது குறைந்தது 35 டிகிரி. 23 டிகிரி என்பது சென்னையில் மார்கழி இரவுக்குக் கிடைக்கிற வெப்பம்; மே மாதப் பகலில் 40ஐத் தாண்டும்போது, 35 டிகிரிக்காரரான மண்ணெண்ணெயும் திறந்த பாத்திரத்தில் பெட்ரோலின் குணத்தை ஓரளவு காட்டத் தொடங்கிவிடுகிறது. சட்டத்தின் எல்லைக்கோடு கோடைக்காகத் தள்ளிப் போவதில்லை.

அமெரிக்கத் தீத்தடுப்பு விதிகளில் இன்னொரு கோடு இருக்கிறது: 37.8 டிகிரிக்குக் கீழே பற்றுவது ‘ஃபிளேமபிள்’. அதற்கு மேல் பற்றுவது ‘கம்பஸ்டிபிள்’. ஐக்கிய நாடுகளின் முறையில் 60 டிகிரி வரை பற்றக்கூடிய திரவமும் ‘ஃபிளேமபிள்’ என்ற பெயரையே பெறுகிறது. இறக்குமதியான பீப்பாயில் எந்த நாட்டுச் சொல் எந்தக் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பார்க்காமல், சொல்லை மட்டும் படித்துக் கிடங்கில் இடம் ஒதுக்கக் கூடாது.

சொல்லுக்கும் தீக்கும் உள்ள உறவைப் பேசும்போது பெஞ்சமின் லீ வோர்ஃபை விட்டுவிட முடியாது. மொழியியல் படித்தவர்களுக்கு அவர் பெரிய பெயர். ஆனால் அவருடைய வயிற்றுப்பாட்டு வேலை அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் ஒரு தீக்காப்பீட்டு நிறுவனத்தில் ஆய்வாளர் பணி. வேதிப் பொறியியல் படித்த அவர், ஆலை ஆலையாகப் போய்த் தீ ஏன் பிடித்தது என்று அறிக்கை எழுதினார். எழுத எழுத ஒன்று அவருக்குப் புலப்பட்டது: பல தீவிபத்துகளுக்குக் காரணம் பொருளின் தன்மை மட்டுமல்ல, மனிதர்கள் அந்தப் பொருளுக்கு வைத்திருந்த பெயரும்தான். மரத்தைக் காய்ச்சி வடிக்கும் ஓர் ஆலையில் கலன்களுக்குச் சுண்ணாம்புக்கல்லால் ஆன உறை போட்டிருந்தார்கள். ‘கல்’ என்று பெயர் இருந்ததால் அது எரியும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அதன் அருகே தீ வராமல் தடுக்கவும் இல்லை. கலனிலிருந்து கசிந்த அசிட்டிக் அமில ஆவி, நாளடைவில் அந்தச் சுண்ணாம்பை கால்சியம் அசிட்டேட்டாக மாற்றியிருந்தது. அதன்மேல் சூடு பட்டால் அசிட்டோன் கிளம்பும். அசிட்டோன் நன்றாக எரியும். கல்லுறை கொழுந்துவிட்டு எரிந்தபோது எல்லோரும் திகைத்தார்கள்.

அவருடைய மற்றொரு எடுத்துக்காட்டு காலி பெட்ரோல் பீப்பாய். நிறைந்த பீப்பாய்க்கு அருகே எச்சரிக்கையாக இருந்தவர்களே, ‘காலி’ என்று எழுதிய பீப்பாய்களுக்கு நடுவே நின்று புகைத்தார்கள். பெட்ரோல் ஆவி காற்றில் சுமார் 1.4 முதல் 7.6 விழுக்காடு வரை கலந்திருக்கும்போதுதான் தீப்பற்றும். மூடிய, நிறைந்த பீப்பாயில் ஆவி அந்த மேல் எல்லையைத் தாண்டிச் செறிந்து கிடப்பதால் உள்ளே பற்றுவது கடினம். காலியான பீப்பாயில்தான் காற்று புகுந்து, கலவை அந்த எல்லைக்குள் வந்து நிற்கிறது. நம் வெல்டிங் பட்டறைகளில் ‘காலி டிரம்தானே’ என்று கேஸ் கட்டரை வைக்கிறவர் சொல்வதும், சமையலறையில் ‘காலி சிலிண்டர்தானே’ என்று ரெகுலேட்டரைத் திறந்தபடி விட்டுவிடுவதும் வோர்ஃப் கண்ட அதே ‘காலி’தான். சொல்லின் பொருள் இங்கே தவறில்லை; விற்கவும் ஊற்றவும் ஒன்றும் மிச்சமில்லை என்ற அளவில் அது சரியான சொல். தீயின் கணக்கில்தான் அது பொய்.

தமிழில் எழுதினால் இந்தத் தொல்லையெல்லாம் இல்லை என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாமா? ‘எளிதில் தீப்பற்றக்கூடியது’ என்பது குழப்பமற்ற தொடர்தான். ஆனால் இடம் போதவில்லை என்று பெயர்ப்பலகை எழுதுகிறவர் ‘தீப்பற்றும்’ என்று சுருக்கி, பக்கத்து அறைக்கதவில் ‘தீப்பற்றாத’ என்று எழுதி, வெயிலில் கடைசி எழுத்துகள் உதிர்ந்துபோனால், இரண்டு கதவிலும் ‘தீப்பற்’ என்பதே மிஞ்சும். நம் மொழியில் மறுப்பு சொல்லின் வாலில் வருகிறது. வால் முதலில் அழிகிறது. எச்சரிக்கைப் பலகைக்கு ‘தீ அபாயம்’ என்று தலையிலேயே முடித்துவிடுவது மேல் என்று நான் சொல்லுவேன்.

காலிப் பீப்பாய் விஷயத்தில் ஐரோப்பியச் சாலைப் போக்குவரத்து ஒப்பந்தம் ஒரு வழி கண்டிருக்கிறது. அபாயப் பொருள் இருந்த கலனைத் திருப்பி அனுப்பும்போது ‘காலி’ என்று மட்டும் ஆவணத்தில் எழுத அது விடுவதில்லை. ‘காலி, கழுவப்படாதது’ என்று இரண்டு சொல்லும் சேர்ந்து வர வேண்டும். நிறைந்திருந்தபோது ஒட்டியிருந்த சுடர்ப் படமும் எண்ணும், கழுவி ஆவி முழுவதும் நீக்கப்படும் வரை, அந்தக் கலன்மேல் அப்படியே இருந்தாக வேண்டும். நம் பட்டறைகளிலும் டிரம்மில் சாக்கட்டியால் ‘காலி’ என்று எழுதுகிற கை, அதன் பக்கத்தில் ‘கழுவலை’ என்ற நாலெழுத்தையும் சேர்த்து எழுதிவிடலாம். அதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.